யாழ்ப்பாணத்தில் பெரிய டேலியா: மொட்டு வருகிறது, தட்டுப் பூ வரவில்லை

கோண்டாவில்_முற்றம் | மார்ச் 3

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வளவு நல்ல செம்மண். மூன்று வருடமாக டேலியா வைத்துப் பார்க்கிறேன். சின்னப் பூ இனங்கள் எந்தக் கரைச்சலும் இல்லாமல் பூக்கின்றன. நான் ஆசைப்படுவது சாப்பாட்டுத் தட்டு அளவு பூக்கும் பெரிய இனத்துக்கு. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போனபோது ஒரு பூவுக்குப் பக்கத்தில் என் முகத்தை வைத்துப் பார்த்தேன். பூ பெரிதாக இருந்தது. அன்று பிடித்த ஆசை இது.

இந்த முறை நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகை மழை ஓய்ந்ததும் டிசம்பர் 10 அளவில் நான்கு கிழங்கு நட்டேன். வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கியவை. இரண்டு முளைக்கவே இல்லை. ஐந்து கிழமை பொறுத்துத் தோண்டிப் பார்த்தால் கிழங்கு அழுகாமல் உறுதியாகவே இருக்கிறது, முளையைத்தான் காணவில்லை. மற்ற இரண்டும் முளைத்து, ஒன்றரை அடி உயரத்திலேயே மொட்டு வைத்துவிட்டன. விரிந்தபோது நான்கு அங்குலம்கூட இல்லை. நடுவில் மஞ்சள் கண் திறந்து, சுற்றிவர மூன்று வரிசை இதழ். அடுத்த பூ அதைவிடச் சிறிது. இப்போது பங்குனி வெயில் தொடங்க, இலை ஓரம் கருகுகிறது.

இனம் பிழையா, மண் பிழையா, அல்லது எங்கள் ஊருக்கே இது சரிவராதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வடமராட்சி_மணல் | மார்ச் 3

தங்கச்சி, மனம் நோகச் சொல்லவில்லை. நானும் ஐந்து வருடம் முயன்று விட்டுவிட்டேன். அது மலைநாட்டுப் பூ. நமக்குச் செவ்வந்தியும் சினியாவும் நன்றாக வரும். உங்கள் கைக்கு அவை இன்னும் அழகாகப் பூக்கும்.

ஹற்றன்_குளிர் | மார்ச் 4

முளைக்காத கிழங்குக்கு என்னால் பதில் சொல்ல முடியும், அக்கா. வற்றாளங்கிழங்கை எங்கே வெட்டி வைத்தாலும் முளைக்கும். டேலியாக் கிழங்கு அப்படியல்ல. பழைய தண்டின் அடிக்கட்டையும் கிழங்கின் கழுத்தும் சேரும் இடத்தில் மட்டும்தான் முளைக் கண் இருக்கும். கட்டையில் ஒரு துண்டாவது ஒட்டியிருக்காத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளை தராது. மண்ணுக்குள் வேர்கூட விடும், ஆனால் தளிர் வராது. கழுத்து முறிந்த கிழங்கும் அப்படித்தான். தோல் சுற்றிவரக் கீறி மடங்கியிருந்தாலே வாங்காதீர்கள்.

வாங்கும்போது கிழங்கின் பருமனைப் பார்க்க வேண்டாம். கழுத்தைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் சிவப்பாகவோ வெளிறிய பச்சையாகவோ ஒரு புடைப்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஈரத் தும்புத்தூளில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். நேர்மையான ஆள் ஒத்துக்கொள்வார்.

நல்லூர்_ரீச்சர் | மார்ச் 5

பிள்ளை, நீங்கள் எழுதிய ஒரு வரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஒன்றரை அடியில் மொட்டு, நடுவில் கண். இது மண்ணின் குற்றம் இல்லை. இரவின் நீளம்.

டேலியாவின் சொந்த ஊர் மெக்சிக்கோவின் மேட்டு நிலம். 1963இல் அந்த நாட்டின் தேசியப் பூவாக அறிவித்தார்கள். அங்கிருந்து கிழங்கும் விதையும் 1789 அளவில் ஸ்பெயினின் மட்ரிட் தாவரவியல் தோட்டத்துக்குப் போயின. 1791இல் அங்கே கவனில்ஸ் பாதிரியார் சுவீடன் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டால் என்பவரின் பெயரை இதற்கு வைத்தார். பிறகு இருநூறு வருடமாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நீண்ட கோடைப் பகலில் வளர்த்துத்தான் பெரிய பூ இனங்களைத் தெரிந்தெடுத்தார்கள். ஆனியில் லண்டனில் பகல் 16 மணித்தியாலத்துக்கு மேல். நம் ஊரில் வருடத்தின் மிக நீண்ட பகலே 12 மணி 45 நிமிடத்தைத் தாண்டாது. மார்கழியில் பதினொன்றரை மணி.

பகல் 12 மணிக்குக் கீழே இறங்கினால் இந்தச் செடிக்குக் காலம் முடியப்போகிறது என்ற எண்ணம் வந்துவிடும். வளர்ச்சியை நிறுத்திக் கீழே கிழங்கு கட்டப் போய்விடும். அவசரத்தில் ஒரு மொட்டு வைக்கும். அந்த மொட்டில் இதழ் வரிசைகள் குறைந்து கண் திறக்கும். நீங்கள் கிழங்கை நட்டது டிசம்பர் 10. வருடத்தின் மிகக் குறுகிய பகல் நாட்களில் அது முளைவிட்டிருக்கிறது. முளைத்த நாளிலிருந்தே அதற்குக் கிடைத்த செய்தி “படு” என்பதுதான்.

சரி, அப்படியென்றால் சித்திரையில் நடலாமா என்று கேட்பீர்கள். பகல் கொஞ்சம் நீளும், ஆனால் வெயிலும் சோளகக் காற்றும் சேர்ந்து செடியை வாட்டிவிடும். ஆகவே குளிர் மாதத்திலேயே வளர்க்க வேண்டும், பகலை நாம் நீட்டிக் கொடுக்க வேண்டும். பொழுது பட்டதும் செடிக்கு மேலே மூன்றடி உயரத்தில் ஒரு 9 வாற்று எல்ஈடி பல்ப். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை. வெளிச்சம் பலமாக இருக்க வேண்டியதில்லை. அது செடிக்குச் சாப்பாடு இல்லை, இரவு இன்னும் தொடங்கவில்லை என்று சொல்வதற்கான அடையாளம் மட்டும்தான்.

நான் விறாந்தை விளக்குக்குக் கீழே வைத்த சாடியில்தான் இதைக் கண்டுபிடித்தேன். அந்த ஒரு செடி மட்டும் என் நெஞ்சளவு வளர்ந்தது. முற்றத்தில் இருந்த அதன் கூடப்பிறந்தது முழங்காலோடு நின்றுவிட்டது. ஒரே கிழங்குக் கொத்தைப் பிரித்து நட்டவை இரண்டும்.

கோண்டாவில்_முற்றம் | மார்ச் 5

ரீச்சர், இதை வாசித்துவிட்டு முற்றத்தில் போய் நின்றுகொண்டிருந்தேன். மூன்று வருடமாக மண்ணைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு நாளும் இரவை நினைக்கவில்லை.

கிணற்றடி | மார்ச் 6

ரீச்சர் சொன்னதில் மறுப்பு இல்லை. ஆனால் மண்ணையும் தண்ணீரையும் ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம். வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீர் கடினம். சாடி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். டேலியா விரும்புவது காரம் இல்லாத, சற்றே அமிலப் பக்கம் சாய்ந்த மண், பிஎச் 6.5 அளவில். நம் தண்ணீரையே தொடர்ந்து ஊற்றினால் மண் காரமாகிச் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் போகும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் காரணம். யூரியா போட்டு அந்த மஞ்சளை மாற்ற முடியாது.

மாரி மழைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வையுங்கள். சாடிச் செடிக்கு அதை மட்டும் ஊற்றுங்கள். மண்ணுக்கு நன்றாக மக்கிய மாட்டெருவும் இலைக் குப்பையும்.

இன்னொன்று. நம் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் வெளிவந்த விடயம். தோட்டத்துக்கு நடுவில் உள்ள கிணறு என்றால் இறைக்கும் தண்ணீரிலேயே ஓரளவு தழைச்சத்து போகிறது. அதற்கு மேல் யூரியாவும் போட்டால் இலை செழிக்கும், தண்டு மெலியும், பூ சிறுக்கும், கிழங்கு சேமிப்பில் அழுகும். மொட்டுக் காலத்தில் எம்.ஓ.பி. என்ற பொட்டாசு உரத்தில் ஒரு தேக்கரண்டியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொடுங்கள், போதும்.

ரொறன்ரோ_வளவு | மார்ச் 7

அக்கா, நான் இங்கே பத்து வருடமாகப் பெரிய டேலியா வளர்க்கிறேன். கெல்வின் ஃபுளட்லைட் என்ற மஞ்சள் இனம், கஃபே ஒ லே என்ற பாலேட்டு நிறத்துப் பூ, தோமஸ் எடிசன் என்ற கடும் ஊதா மூன்றும் இருக்கின்றன. எங்களுக்கு ஒக்டோபரில் உறைபனி வந்து இலையெல்லாம் கறுத்துப் போகும். அதன் பிறகு கிழங்கைக் கிண்டி நிலவறையில் வைப்போம். ஆடி மாதம் ஊருக்கு வருகிறேன். பெட்டியில் நான்கைந்து கிழங்கு போட்டுக்கொண்டு வரட்டுமா?

நல்லூர்_ரீச்சர் | மார்ச் 8

தம்பி, உங்கள் அன்பு பெரிது. ஆனால் பெட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதிப் பத்திரமும் உங்கள் நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் செடியோ கிழங்கோ நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. டேலியாவில் வைரசு நோய் கிழங்கோடு கூடவே வரும். இலையில் நரம்பை ஒட்டி வெளிர் மஞ்சள் கோடு ஓடும், செடி குட்டையாகும், மருந்து கிடையாது. அசுகுணிப் பூச்சி அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும். நம் ஊர் மரக்கறித் தோட்டங்கள் பட்ட பாடு போதும்.

ஹற்றன்_குளிர் | மார்ச் 9

கிழங்கு வேண்டியதில்லை, அக்கா. கல்கத்தாவில் குளிர்காலத்தில் சாடியில் பெரிய பெரிய டேலியா பூக்க வைக்கிறார்கள். அங்கேயும் கோடை கொடுமை. அவர்கள் பெரும்பாலும் தளிர் வெட்டி வேர்விட வைத்த நாற்றைத்தான் நடுகிறார்கள். என்னிடம் ஒரு பெரிய மஞ்சள், ஒரு ஊதா இருக்கின்றன. பெயர் தெரியாது, என் அம்மம்மா காலத்துச் செடிகள். புரட்டாதியில் கண் தெரியும் கிழங்கு இரண்டு அனுப்புகிறேன். அதிலிருந்து நீங்களே தளிர் எடுக்கலாம்.

கோண்டாவில்_முற்றம் | செப்டம்பர் 28

கிழங்கு வந்து சேர்ந்தது! பத்திரிகைத் தாளில் சுற்றி, தும்புத்தூளுக்குள் வைத்து அனுப்பியிருந்தீர்கள். கழுத்தில் இரண்டு கண் சிவப்பாகத் தெரிகிறது. மிக்க நன்றி, தம்பி.

என் திட்டம் இது, பிழை இருந்தால் இப்போதே சொல்லுங்கள். மழை ஓயும் முன்னர் நிலத்தில் வைக்கப் போவதில்லை. மாட்டுக்கொட்டில் சும்மா கிடக்கிறது. அதன் தகரத் தாழ்வாரத்தில் சாடியில் வைத்து, பல்பும் அங்கேயே தொங்கவிட்டு, மார்கழி பிறக்க வெளியே இறக்குகிறேன்.

ஹற்றன்_குளிர் | செப்டம்பர் 29

சரியான திட்டம். முளை வரும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள். மண் தொட்டால் ஈரலிப்பு மட்டும் தெரிய வேண்டும். இலை இல்லாத கிழங்கு தண்ணீரைக் குடிக்காது, அதில் ஊறி அழுகிவிடும். தளிர் மூன்று நான்கு அங்குலம் வந்ததும், அடியில் கிழங்கை ஒட்டியபடி வெட்டுங்கள். தளிரின் அடிப்பகுதி உள்ளே கோறை விழுவதற்கு, அதாவது வெறுமையாவதற்கு, முன்னர் வெட்ட வேண்டும், கோறையானது வேர்விடப் பஞ்சிப்படும். கீழ் இலைச் சோடியை எடுத்துவிட்டு, ஆற்று மணலும் தும்புத்தூளும் பாதிப் பாதி கலந்து ஊன்றிவிட்டால் இரண்டு மூன்று கிழமையில் வேர் பிடிக்கும்.

கோண்டாவில்_முற்றம் | நவம்பர் 19

ஏழு தளிர் வெட்டினேன், ஐந்து பிடித்தன. தாய்க் கிழங்கு இரண்டும் தனிச் சாடியில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பல்ப் எரிகிறது. ஒரே ஒரு நாற்றை மட்டும் விளக்கு படாத கோடிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், வித்தியாசம் பார்க்க.

நேற்று இரவு மழை விட்டதும் பெரிய நத்தைகள் ஏறிவந்து ஒரு நாற்றின் தலையை முழுதாகத் தின்றுவிட்டன. காலையில் தண்டு மட்டும் நின்றது. அதைப் பார்க்க அழுகையே வந்துவிட்டது.

வடமராட்சி_மணல் | நவம்பர் 19

தங்கச்சி, உங்கள் இழையை விடாமல் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாடியைச் சுற்றி அடுப்புச் சாம்பல் போடுங்கள். ஆபிரிக்க நத்தை சாம்பலைத் தாண்டாது.

கிணற்றடி | நவம்பர் 20

அண்ணை, சாம்பல் நனைந்தால் பலன் போய்விடும். அத்தோடு அது காரம், நம் மண்ணில் ஏற்கெனவே இருப்பதே கூட. இரவு எட்டு மணிக்கு ரோர்ச் பிடித்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதுதான் வழி. வெறும் கையால் தொடாமல் கையுறையோ பையோ போட்டுப் பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். சாடிகளை ஒரு மேசையில் ஏற்றி, மேசைக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் வைத்தால் இன்னும் நல்லது.

தலை போன நாற்றை எறியாதீர்கள். கணுவில் இருந்து இரண்டு கிளை வரும்.

கோண்டாவில்_முற்றம் | டிசம்பர் 17

நேற்று மார்கழி முதலாம் நாள் வெளியே இறக்கினேன். செடிக்குச் செடி இரண்டரை அடி. பாத்தியை ஓரடி உயர்த்தியிருக்கிறேன். அடியில் காய்ந்த பனையோலையும் பூவரசம் இலையும் தாட்டு, மேலே மாட்டெரு. பல்புக்கு வயர் இழுத்து, ஹோல்டருக்கு மேலே ஒரு சிரட்டை கவிழ்த்திருக்கிறேன். நான்கு சோடி இலை வந்த செடிகளின் நுனியைக் கிள்ளிவிட்டேன். வேலியில் வெட்டிய கிளுவைத் தடி நிறையக் கிடக்கிறது, ஊன்றுகோலாகப் போடலாமா?

ரொறன்ரோ_வளவு | டிசம்பர் 17

அக்கா, வேண்டாம். பச்சைக் கிளுவை ஊன்றினால் வேர்விட்டுத் தளிர்க்கும் என்பது உங்களுக்குத் தெரியும். டேலியாவோடு தண்ணீருக்கு அடிபடும். அப்பு தோட்டத்தில் வைரித்த பனஞ்சிலாகைதான் எதற்கும் ஊன்றுவார், அதையே தேடுங்கள். ஐந்தடி உயரம். கிழங்கு கட்டிய பிறகு ஊன்றினால் குத்திக் கிழிக்கும், அதனால் இன்றைக்கே ஊன்றுங்கள். பழைய சீலைக் கிழிசலால் எட்டுப் போல முறுக்கிக் கட்டினால் வாடைக்காற்றுக்குத் தண்டு அறுபடாது.

கிள்ளிய பிறகு வரும் கிளைகளில் நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். இதுதான் மனதுக்குக் கஷ்டமான வேலை. சின்ன இனத்தில் கிளை கூடக் கூட அழகு. பெரிய இனத்தில் ஒவ்வொரு கிளையும் மற்றதின் பூவில் ஓர் அங்குலத்தைத் தின்றுவிடும்.

கோண்டாவில்_முற்றம் | ஜனவரி 17

பொங்கலுக்கு அடுத்த நாள் முதல் மொட்டைக் கண்டேன். பயறளவு. இப்போது மிளகளவு. செடி நாலடி. விளக்கு இல்லாத செடி ஒன்றே முக்கால் அடி, அதில் மொட்டு எப்போதோ வந்து விரியவும் தொடங்கிவிட்டது.

ஒவ்வொரு கிளை நுனியிலும் மூன்று மொட்டு சேர்ந்து நிற்கிறது. எதை எடுப்பது?

ரொறன்ரோ_வளவு | ஜனவரி 18

நடுவில் உள்ளதை வைத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள இரண்டையும் எடுங்கள். கத்தி வேண்டாம். பெருவிரலால் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளினால் “டிக்” என்று கழன்று வரும். காலை வேளையில் தண்டு நீர் ஏறி முறுகலாக இருக்கும்போது செய்தால் தோல் உரியாது. பிறகு மொட்டுக்குக் கீழே முதல் இரண்டு இலைச் சோடிகளின் கக்கத்திலும் குருத்து வந்திருக்கும், அதையும் எடுங்கள். நடு மொட்டில் பூச்சி கடித்த அடையாளமோ கோணலோ இருந்தால் மட்டும் அதை விட்டுப் பக்கத்து மொட்டில் நல்லதை வையுங்கள். எடுத்த நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் பொறுக்க வேண்டும்.

கோண்டாவில்_முற்றம் | பெப்ரவரி 20

இதை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. மஞ்சள் விரிந்துவிட்டது.

ஆறு நாள் எடுத்தது. முதல் நாள் பச்சை மொட்டின் நுனியில் ஒரு மஞ்சள் கீறல். இரண்டாம் நாள் வெளி இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் மடங்கின. உள்ளே இருந்தவை இன்னும் சுருட்டிய குழல் மாதிரி. நான்காம் நாள் ஐந்து அங்குலம். நேற்று மாலை வெளி வரிசை தண்டைத் தொடுமளவுக்கு மடங்கிவிட்டது, நடுவில் பச்சை விரல்நுனியளவு மூடியபடியே இருக்கிறது. கண் திறக்கவில்லை, ரீச்சர். மகளின் பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்து அளந்தேன்: 21 சென்ரிமீற்றர். முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இதழ் கன்னத்தில் குளிர்ந்தது.

விளக்கில்லாத செடியின் பூ 9 சென்ரிமீற்றர். நடுவில் மஞ்சள் கண், போன வருடம் வந்த அதே பூ. இரண்டும் ஒரே கிழங்கில் வெட்டிய தளிர்.

வடமராட்சி_மணல் | பெப்ரவரி 20

தங்கச்சி, போன வருடம் விட்டுவிடச் சொன்னவன் நான். இந்தப் பூவை வாசித்து முடிக்கக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒரு நாற்று கிடைக்குமா? மணல் மண் என்றாலும் பெரிய சாடியில் வைத்துப் பார்க்கிறேன்.

நல்லூர்_ரீச்சர் | பெப்ரவரி 21

பிள்ளை, அடிமட்டம் வைத்தது மிகச் சரி. பிரித்தானிய வகைப்படுத்தலில் 20 சென்ரிமீற்றரைத் தாண்டினால் “பெரியது”, 25ஐத் தாண்டினால் “இராட்சதம்”. உங்கள் கோண்டாவில் பூ பெரியதில் சேர்ந்துவிட்டது.

வெட்டுவதானால் விடியற்காலையில், முக்கால் பங்கு விரிந்த பிறகு வெட்டுங்கள். ரோசாவைப் போல மொட்டில் வெட்டினால் இது பூச்சாடியில் விரியாது. வெட்டிய தண்டு கோறை என்பதால் மழை இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கழுத்தை அழுக வைக்கும். சரிவாக, ஒரு கணுவுக்கு மிக அண்மையில் வெட்டுங்கள். விதைக்கு விட வேண்டாம். பெரிய பூவின் விதையில் தாயைப் போன்ற பிள்ளை வராது. இந்தச் செடிக்கு நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்) எட்டுத் தொகுதி, அதனால் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு விதமாகப் போகும். பெரும்பாலும் கண் திறந்த பூதான் வரும்.

கோண்டாவில்_முற்றம் | மார்ச் 14

மொத்தம் பதினொரு பூ. பெரியது 22, கடைசி 15. வெயில் ஏற ஏறச் சிறுத்துக்கொண்டே வந்தது. இலையின் அடியில் சிவப்புச் சிலந்திப் பூச்சி தொடங்கியிருக்கிறது. காலையில் இலையடியில் தண்ணீரை விசிறியடிக்கிறேன், ஓரளவு அடங்குகிறது.

இனிக் கிழங்கு. குளிரான நாடுகளில் 5 முதல் 10 பாகை வரையில் வைப்பார்கள் என்று வாசித்தேன். எங்கள் வீட்டில் அப்படி இடம் இல்லை. போன வருடம் தும்புத்தூளில் வைத்தவை வைகாசிக்குள் சுருங்கிச் சுள்ளியாகிவிட்டன. கிண்டாமல் விடலாமா?

ஹற்றன்_குளிர் | மார்ச் 15

நிலத்தில் உள்ளவற்றைக் கிண்டி, கழுவாமல், கண்ணோடு பிரித்து எனக்கு இரண்டு அனுப்பி வையுங்கள், இங்கே குளிரில் காத்துத் தருகிறேன். சாடியில் உள்ள தாய்க் கிழங்கைக் கிண்டவே வேண்டாம். தண்டைக் கணுவுக்கு மேலே வெட்டி, சாடியோடு நிழலில் வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர். மண்ணுக்குள் இருக்கும்வரை சுருங்காது.

கோண்டாவில்_முற்றம் | மார்ச் 22

அப்படியே செய்தாயிற்று. தாய்ச் சாடிகள் இரண்டும் மாமரத்துக்குக் கீழே, கிணற்றுக் கட்டுப் பக்கம் இருக்கின்றன. ஹற்றனுக்கு இரண்டு கிழங்கு பேருந்தில் போகிறது. கிண்டும்போது முறிந்த ஒரு கிழங்கை எறிய மனமில்லாமல் வெட்டிப் பார்த்தேன், உள்ளே வெள்ளையாக, இராசவள்ளிக்கு இல்லாத ஒரு மணம்.

கடைசித் தளிர் நான்கு வெட்டி வைத்தேன், மூன்று வேர் பிடித்துவிட்டன. விறாந்தை விளக்குக்குக் கீழே நிழலில் நிற்கின்றன. வடமராட்சி அண்ணை, ஊதா ஒன்று உங்களுக்கு. சாடியின் விளிம்பில் உங்கள் ஊர்ப் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். சந்தைக்கு வரும் நாளில் வந்து எடுங்கள், காலையில் வந்தால் வாடாமல் கொண்டுபோகலாம்.